தெரிகிற கண்ணுக்கு ஒரு சத்திரசிகிச்சை

கண்ணை அளப்பதற்கு முன்னால் இரண்டு கிழமைக்கு, பதினான்கு நாளும், லென்ஸ் போடக் கூடாது என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். லென்ஸ் கருவிழியின் மேல் கிடந்து கிடந்து அதன் வளைவைக் கொஞ்சம் மாற்றிவிடுமாம். அது தன் சொந்த உருவத்துக்குத் திரும்பிய பிறகு அளந்தால்தான், லேசரால் எவ்வளவு செதுக்கலாம், செதுக்கவே முடியுமா என்பதெல்லாம் தெரியவரும். தொலைபேசியில் இதைச் சொன்ன பெண் ஏதோ மன்னிப்புக் கேட்பவள்போலப் பேசினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிறு வயதிலிருந்தே கண்ணாடி போட்டு வளர்ந்தவளுக்கு இரண்டு கிழமை கண்ணாடியோடு இருப்பது ஒரு வேலையா?

வேலைதான் என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. நான் நோர்வேயில், ஒஸ்லோவுக்குப் பக்கத்து லில்லெஸ்ட்ரோமில் ஒரு பார்னஹாகேயில், பள்ளிக்கூட வயது வராத பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், ஆசிரியை. அது பெப்ரவரி மாதம். வெளியே உறைபனியில் பிள்ளைகளை ஓடவிட்டு உள்ளே கூட்டிக்கொண்டு வந்தால், உடுப்பு மாற்றும் அறையின் சூட்டில் கண்ணாடி பால் ஆடை படிந்ததுபோல வெளுத்துவிடும். பத்துப் பதினைந்து பிள்ளைகள் ஒரே நேரத்தில் சப்பாத்தைக் கழற்று, மூக்கைத் துடை, மூத்திரம் வருகிறது என்று கத்துவார்கள். யார் கத்துகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. குத்துமதிப்பாக ஒரு மூக்கைப் பிடித்துத் துடைத்துவிட்டுப் பார்த்தால், அது ஏற்கெனவே துடைத்த மூக்காக இருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கலாம் என்றால், கழற்றிய கண்ணாடியை ஒரு பிள்ளை பறித்துக்கொண்டு ஓடிவிடும். பிறகு அதைக் கண்டுபிடிக்கக் கண் வேண்டும்.

என் கண் மைனஸ் ஒன்பது. நீட்டிய கையில் விரல் எத்தனை என்று எண்ண முடியாது. காலையில் எழுந்தவுடன் கட்டிலுக்குப் பக்கத்தில் கையால் தடவித் தடவிக் கண்ணாடியை எடுத்துப் போட்ட பிறகுதான் எனக்கு விடியும். லென்ஸ் வந்த பிறகு இதெல்லாம் மறந்திருந்தது. ஆனால் சில காலமாகக் கண் வறண்டு, சிவந்து, பின்னேரமானால் மணல் போட்டதுபோல உறுத்தத் தொடங்கியிருந்தது. சத்திரசிகிச்சைக்கு அதுதான் காரணம் என்று எல்லோரிடமும் சொன்னேன். என் கணவரைத் தவிர வேறு ஒருவருக்கும் உண்மையான காரணம் தெரியாது.

என் மகள் பிறந்தபோது கடைசி நேரத்தில் அவளுடைய இதயத் துடிப்பு இறங்கிவிட்டது. என்னைச் சத்திரசிகிச்சைக்கு உருட்டிக்கொண்டு ஓடினார்கள். ஓடும்போது எனக்குக் குமட்டிச் சத்தி வந்தது, நானே கண்ணாடியைக் கழற்றிக் கணவரிடம் கொடுத்தேன். பிறகு நடந்தது யாருடைய பிழையும் இல்லை. திரைக்கு மேலாகப் பிள்ளையைத் தூக்கிக் காட்டினார்கள். நான் கண்டது நீலத்துக்கு நடுவில் அசைந்த ஒரு சிவப்பு. கண்ணாடி அவருடைய சட்டைப் பைக்குள் இருந்தது. அவர் பிள்ளையைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார். நான் கேட்பதற்குள் பிள்ளையைச் சோதிப்பதற்குக் கொண்டுபோய்விட்டார்கள், அவரும் கூடவே போய்விட்டார். திரும்பி வந்தபோது அவள் துடைக்கப்பட்டு, தொப்பி போட்டு, துணியில் சுற்றி நித்திரையாகியிருந்தாள்.

அன்று பின்னேரம் அவர் பெரிய சந்தோஷத்தோடு சொன்னார்: "தூக்கின உடனை ஒரு கண்ணை மட்டும் திறந்தவள். நேரை உம்மைத்தான் பாத்தவள்."

அவர் எனக்குப் பரிசாகத்தான் அதைச் சொன்னார். எனக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. அவள் என்னைப் பார்த்திருக்கிறாள், நான் பார்க்கவில்லை. சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள், அதற்குப் பிறகு தினமும் பார்க்கிறாய்தானே என்பார்கள். எனக்கும் அது விளங்கும். ஆனால் அந்தப் பார்வை ஒருமுறைதான் வரும், எனக்கு வந்தது கைக்குக் கிடைக்காமல் போனது. இன்னொரு பிள்ளை பெற வேண்டும் என்று நாங்கள் கதைக்கத் தொடங்கியபோது, முதலில் கண், பிறகு பிள்ளை என்று நான் ஒரே பிடியாக நின்றேன். இனி ஒரு பிள்ளையைத் தூக்கிக் காட்டினால், யார் பைக்குள்ளும் என் கண் இருக்கக் கூடாது.

என் மகளுக்கு இந்த இரண்டு கிழமையும் நல்ல பொழுதுபோக்கு. என் கண்ணாடியைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் தள்ளாடி நடப்பாள். "அம்மா, உங்கட பிரில்லருக்குள்ளாலை எல்லாம் சின்னன். நீங்களும் சின்னன்" என்பாள். மூக்குக் கண்ணாடிக்கு அவளிடம் பிரில்லர் என்ற நோர்வேஜியச் சொல்தான், கண்ணாடி என்ற தமிழ்ச்சொல் முகம் பார்க்கும் கண்ணாடிக்கு மட்டும்தான்.

அம்மா இருப்பது மோர்டென்ஸ்ருட்டில், சுரங்க ரயில் போய் முடிகிற இடத்தில். சத்திரசிகிச்சை என்று சொன்ன நாளிலிருந்து அவருடைய முகம் சரியில்லை. அவர் போட்ட முதல் சட்டம், ஒருவருக்கும் சொல்லக் கூடாது. "கண் விசயம். சனத்தின்ர கண் படக்கூடாது. ஆரும் கேட்டால் அலர்ஜி எண்டு சொல்லு" என்றார். அப்பா இறந்த பிறகு அம்மா சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிடுவது எனக்குப் பழக்கமாகியிருந்தது. சரி என்றேன்.

அந்தச் சட்டம் எங்களையே பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனால், லென்ஸ் போட்ட என்னை மட்டுமே தெரிந்த சனம் முழுவதும் என் கண்ணாடியைப் பார்த்தது. அலர்ஜி என்றேன். அதோடு தொடங்கியது. ஓர் அன்ரி கொத்தமல்லி அவித்து ஆறவைத்த தண்ணீரால் கழுவச் சொன்னார். இன்னொருவர் அது கூடாது, நந்தியாவட்டைப் பூதான் நல்லது என்றார். பெப்ரவரியில் ஒஸ்லோவில் நந்தியாவட்டைக்கு எங்கே போவது என்று நான் கேட்கவில்லை. மூன்றாவது அன்ரி நகரத்தில் குறொன்லாண்ட் பக்கம் இருக்கும் ஒரு கடைக்காரரிடம் ஏதோ சொட்டு மருந்து இருப்பதாகவும், தன் பெயரைச் சொன்னால் எடுத்துத் தருவார் என்றும் என் கையைப் பிடித்துச் சொன்னார். எல்லோரும் உண்மையான கரிசனையோடு சொன்னார்கள். அம்மா பக்கத்தில் நின்று, பெற்ற பிள்ளையின் அலர்ஜியை நினைத்துப் பெருமூச்சு விட்டார். நடிப்பில் அவரை யாரும் மிஞ்ச முடியாது.

அளவுக்குப் போவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் சாப்பாடு. சாப்பிட்ட பிறகு சாமித்தட்டில் விளக்குத் துடைக்கும் துணியைத் தேடினேன். அங்கே ஒரு மஞ்சள் துணி முடிச்சு இருந்தது. அவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே வெள்ளித் தகட்டில் செய்த ஒரு சோடிக் கண்கள். கண்மலர். கண்ணுக்கு ஏதும் என்றால், சுகம் வந்ததும் வைக்கிறோம் என்று அம்மனுக்கு நேர்ந்துகொண்டு, பிறகு கொண்டுபோய்ச் சார்த்துவார்கள். ஊருக்குப் போய் வந்த யாரிடமோ சொல்லி யாழ்ப்பாணத்தில் செய்வித்து எடுத்திருக்கிறார்.

இத்தனை நாளும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த மனுஷி, எனக்குத் தெரியாமல் இதைச் செய்திருக்கிறாரே என்று நினைத்தேன். குசினிக்குள் போய், "எனக்காகவோம்மா?" என்று கேட்டேன்.

அம்மா கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அன்ரிமாரிடம் எவ்வளவும் புளுகுவார், ஆனால் அம்மன் விஷயத்தில் அவருக்குப் பொய் வராது.

"ஓம். உனக்காகத்தான். ஆனா நீ நினைக்கிற மாதிரியில்லை."

"பின்னை?"

"டொக்டர்மாரே தங்கட வாயாலை இது செய்யேலாது எண்டு சொல்லோணும். அப்பிடிச் சொன்னா கண்மலர் வைக்கிறன் எண்டு நேந்தனான்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. சொந்தத் தாய், சொந்த மகளின் காரியம் கெட வேண்டும் என்று கோயிலில் போய் நிற்பாரா? அதையே சொல்லிச் சத்தம் போட்டேன். முன்னறையில் என் கணவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். அது அவருடைய வழக்கம்.

"நீ குருடெண்டால் நான் வேண்டாமெண்டுவனோ?" என்றார் அம்மா. அவருடைய குரல் உயரவில்லை. "கண்ணாடி போட்டா உனக்கு எல்லாம் தெரியுது. தெரியிற கண்ணிலை ஏன் கை வைக்கிறாய்? ஆயிரம் பேருக்கு நல்லாத்தான் வரும், ஒராளுக்குப் பிழைச்சுப்போம். அந்த ஒராள் நீயா இருந்தா நான் என்ன செய்யிறது?"

என் வாயில் வேறொன்று வந்துவிட்டது.

"நான் பிள்ளையின்ர முகத்தைப் பாக்கேல்லை அம்மா. பிறக்கேக்கை. எல்லாரும் பாத்தவை, நான் பாக்கேல்லை."

இதை அம்மாவிடம் நான் அதற்கு முன் சொன்னதே இல்லை. அவர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். "பேந்து பாத்தனீதானே" என்று சொல்வார் என்று எதிர்பார்த்து நான் சண்டைக்குத் தயாராக நின்றேன். அவர் அதைச் சொல்லவில்லை. மேசைத்துணியைத் தடவிக்கொண்டே, "இதை ஏன் எனக்கு முந்தியே சொல்லேல்லை?" என்றார்.

"இப்ப சொல்லிப்போட்டன். நேத்தியை மாத்துங்கோ."

"நேந்ததை மாத்தேலாது பிள்ளை."

"அப்ப நல்லபடியா நடக்கோணும் எண்டு இன்னொண்டு நேருங்கோ."

"அம்மன் என்ன கோர்ட்டே, அப்பீல் போட?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. ஆனால் காரியம் அப்படியே இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் காரில் என் கணவர், "மாமியின்ர நேத்தியும் மெசினின்ர அளவும் எப்பிடியும் ஒண்டுக்கொண்டு அடிபடத்தான் போகுது. ஆர் வெல்லுறது எண்டு பாப்பம்" என்றார். நான் அவருடன் லில்லெஸ்ட்ரோம் வரும் வரை கதைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை தனியாகத்தான் கிளினிக்குக்குப் போனேன். முகத்துக்குக் கிரீம், பவுடர், வாசனை ஒன்றும் போடாமல் வரச் சொல்லியிருந்தார்கள். நெற்றியில் பொட்டுக்கூட இல்லாமல் ரயிலில் இருந்தது, பாதி உடுப்போடு வெளியே வந்ததுபோல இருந்தது. ஒவ்வொரு மெசினாக முகத்தை நீட்டி நாடியை வைக்கச் சொன்னார்கள். ஒன்றுக்குள் நீளமான ஒரு தெருவும் அதன் முடிவில் ஒரு சிவப்புப் பலூனும் தெரிந்தன. பலூன் மங்கும், தெளியும், மறுபடியும் மங்கும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தேன். கண்ணை அசைக்காமல் இருந்தால் கருவிழி கொஞ்சம் தடிப்பாக இருக்கும் என்று என் புத்தி நினைத்துக்கொண்டதோ என்னவோ.

அளந்த டொக்டர் என் வயதுக்காரி. திரையில் என் இரண்டு கண்களையும் பச்சையும் மஞ்சளுமாகக் காட்டினாள், தேசப்படங்கள்போல. உங்கள் இலக்கம் பெரியது, ஆனால் செதுக்குவதற்குக் கருவிழியில் தடிப்பு போதும், செய்யலாம் என்றாள். எனக்கு எழுந்து அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. அம்மா தோற்றுவிட்டார் என்றும் ஒரு நினைப்பு ஓடியது. அதை நினைத்து வெட்கப்படவும் நேரம் இல்லை, அவள் கேள்விகளைக் கேட்கத் தொடங்கியிருந்தாள். என்ன மருந்துகள் எடுக்கிறீர்கள், தோல் வருத்தம் ஏதும் உண்டா, மூட்டு வருத்தம் உண்டா, கர்ப்பமாக இருக்கிறீர்களா.

இல்லை என்றேன். சொல்லிவிட்டு மனதுக்குள் நாள் எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். லென்ஸ், கண்ணாடி, நேர்த்தி, கோபம் என்று திரிந்ததில் நான் எண்ணுவதையே மறந்திருந்தேன்.

"ஏன் கேட்கிறீர்கள்?" என்றேன் நோர்வேஜிய மொழியில்.

கர்ப்ப காலத்தில் கண்ணின் அளவு மாறும், அப்போது அளந்து செதுக்கினால் பிறகு சரிவராது, பால் கொடுத்து முடித்துச் சில மாதம் போனபின்தான் செய்வோம் என்று அவள் சொன்னாள். சொல்லிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தவள், கொஞ்சம் மெதுவாக, "வேண்டுமானால் முதலில் சோதித்துப் பாருங்கள்" என்றாள்.

ரயில் நிலையத்து மருந்துக்கடையில் சோதிக்கும் குச்சியை வாங்கினேன். வீட்டுக்கு வந்து குளியலறையில் வைத்து, என் கண்ணாடிக்குள்ளால், இரண்டு கோடுகளையும் மிகத் தெளிவாகப் பார்த்தேன்.

சந்தோஷமா என்று கேட்டால், சந்தோஷம்தான். என் வயதில் இவ்வளவு சுலபமாக வரும் என்று நாங்கள் நினைக்கவே இல்லை, அதனால்தான் அவ்வளவு கவனமாகவும் இருக்கவில்லை. ஆனால் குளியல் தொட்டியின் விளிம்பில் இருந்து அழுதேன். எந்தப் பிள்ளையைப் பார்க்கக் கண் தேடினேனோ, அந்தப் பிள்ளை கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது. வேலையால் வந்த என் கணவர் குச்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரெண்டாம்தரம் நான் கண்ணாடியைப் பைக்குள்ளை வைக்கமாட்டன்" என்றார். அத்தனை வருடம் அவருக்கும் அது உள்ளே கிடந்திருக்கிறது.

மூன்று மாதம் முடியும் வரை யாருக்கும் சொல்வதில்லை. ஆனால் அம்மாவுக்குச் சொல்லாமல் முடியாது. மோர்டென்ஸ்ருட்டுக்குப் போய்ச் சொன்னேன். முகமெல்லாம் மலர்ந்து என் தலையைத் தடவினார். தடவிக்கொண்டிருந்த கை நடுவில் நின்றது.

"அப்ப கண்?"

"இப்ப செய்யமாட்டினம். பிள்ளை பிறந்து, பால்குடி மறந்து, அதுக்குப் பிறகுதான்."

அம்மாவின் முகம் சாம்பிப் போய்விட்டது. "நான் அப்பிடிக் கேக்கேல்லை பிள்ளை" என்றார். "இந்தப் பிள்ளையை வைச்சு மறி எண்டு நான் கேக்கேல்லை. சத்தியமா."

அவர் கேட்டதைத்தான் அம்மன் கொடுத்திருந்தார். கேட்டபடியே, டொக்டர்மார் வாயாலேயே. வென்றவர் இவ்வளவு கவலையோடு இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த வெள்ளிக்கிழமை கண்மலரைக் கோயிலுக்குக் கொண்டுபோனார், நேர்த்தியைக் கடனாக வைத்திருக்கக் கூடாது என்று. நானும் போனேன். ஐயர் தட்டை வாங்கி, என்ன நட்சத்திரம் என்று கேட்டார். என் நட்சத்திரத்தைச் சொல்லிவிட்டு நெடுநேரம் கும்பிட்டுக்கொண்டு நின்றார் அம்மா. வெளியே வந்து சப்பாத்தைப் போடும்போது, "நன்றி சொல்லுறதோ, மன்னிப்புக் கேக்கிறதோ எண்டு தெரியேல்லை. ரெண்டையும் சொல்லிப்போட்டு வந்திட்டன்" என்றார்.

பிள்ளை கடைசிவரை தலையைக் கீழே போடவில்லை. இந்த முறையும் சத்திரசிகிச்சைதான், ஆனால் அவசரமில்லாமல், முன்பே நாள் குறித்து. அக்டோபரில் அந்த நாள் வந்தபோது என் கணவர் காய்ச்சலும் இருமலுமாகப் படுத்துவிட்டார். இருமுகிறவரை உள்ளே விட மாட்டார்கள். மகளை அவரிடம் விட்டுவிட்டு அம்மா என்னோடு வந்தார்.

நான் அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. வார்டில் எங்களை எதிர்கொண்ட தாதியிடம் அவர் முதலில் சொன்னது, மகளின் கண்ணாடியைக் கழற்றக் கூடாது என்பது. மயக்க மருந்து கொடுக்க வந்தவரிடம் சொன்னார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனவரிடமும் சொன்னார். வயதானவர்களைப் பராமரிக்கும் இல்லத்தில் முப்பது வருடம் வேலை செய்த நோர்வேஜிய மொழி அது, தடுமாற்றமே இல்லை. அவருடைய கைப்பையில் என் பழைய கண்ணாடிகள் இரண்டு இருந்தன, போட்டிருப்பது உடைந்தால் ஒன்று, அதுவும் உடைந்தால் மற்றது. பார்த்துவிட்டுத் தாதி சிரித்தாள், அம்மா சிரிக்கவில்லை.

உள்ளே எனக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் பச்சை உடுப்பும் தொப்பியுமாக அம்மா இருந்தார். ஒரு கை என் தோளில் இருந்தது. மற்றக் கையின் இரண்டு விரல்கள் என் கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன, யாரோ பறிக்க வருகிறார்கள் என்பதுபோல. திரைக்கு அந்தப் பக்கம் யாரோ, இதோ பிள்ளை வருகிறது என்றார்கள். அழுகைச் சத்தம் கேட்டது. திரையை இறக்கிப் பிள்ளையைத் தூக்கிப் பிடித்தார்கள்.

எனக்குத் தெரியவில்லை.

மல்லாந்து கிடந்தவளின் கண்ணில் தண்ணீர் முட்டி நிறைந்து, வழிய இடமில்லாமல் நின்றது. கண்ணாடி இருந்தது, அதற்குள் ஒன்றும் இல்லை. நீலத்துக்கு நடுவில் ஒரு சிவப்பு, அதே சிவப்பு. எந்த லேசரால் செதுக்கியிருந்தாலும் அப்படித்தான் தெரிந்திருக்கும். "அம்மா" என்றேன்.

அவர் என் கண்ணாடியைத் தூக்கினார். அந்தக் கண்ணுக்கு ஒன்று, இந்தக் கண்ணுக்கு ஒன்று என்று வெறும் விரலால் அழுத்தித் துடைத்தார், நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மூக்கைத் துடைத்ததுபோல, நோகத் துடைத்தார். கண்ணாடியைத் திரும்ப மூக்கில் வைத்தார்.

"பிறகு அழலாம். இப்ப பார்" என்றார்.

பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. இரண்டு கண்களையும் இறுக்கி மூடிக்கொண்டு, புருவத்தில் வெள்ளை மெழுகு அப்பியிருக்க, நாடி நடுங்க நடுங்கக் கத்திக்கொண்டிருந்தான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.